‘அவதானமாக இருக்கவும்’ என்றால் நாங்கள் என்ன செய்வது?

உணவு, மருந்து, குடிநீர், நுகர்வோர் நலன் ஆகியவற்றுக்குப் பொறுப்பான அரச அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

வலிகாமத்தில், சுன்னாகத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடம் தாண்டிவிட்டது. அரிசி, மா, சீனி, பால்மா, எண்ணெய், சவர்க்காரம், பிள்ளைகளுக்குக் கொப்பி பென்சில். ஊர்ச் சனம் சாமான் வாங்க மட்டும் வருவதில்லை. கேட்கவும் வருகிறார்கள். “இது நல்லதோ? இதைப் பிள்ளைக்குக் குடுக்கலாமோ?” நீங்கள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து அறிக்கை விடுகிறீர்கள். அந்த அறிக்கைக்குப் பதில் சொல்லிக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் நிற்பது என்னைப் போன்ற கடைக்காரர்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை நேரம். கடை திறந்து வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற பிள்ளை, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மற்றக் கையில் குழந்தைப் பால்மா ரின். பாதி முடிந்திருந்தது. என் கடையில்தான் வாங்கியது.

“அன்ரி, இதைக் குடுக்கலாமோ? போனிலை ஒண்டு வந்திருக்கு.”

போனைக் காட்டினாள். அதே ரின்னின் படம், அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி, கீழே மூன்று வரி. கடைசி வரி: ‘பொதுமக்கள் அவதானமாக இருக்கவும்.’ யார் சொன்னது, எந்தத் தொகுதி, எந்தத் திகதி என்று எதுவும் இல்லை. நான் சாமான் இறக்கும் விற்பனைப் பிரதிநிதிக்கு எடுத்தேன். “ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா, ஆரோ கதை கட்டுறாங்கள்” என்றார். அவர் வேறென்ன சொல்வார்? அப்புறம் ஓர் அரச அலுவலகத்துக்கு எடுத்தேன். எடுத்தவருக்குத் தமிழ் வராது. எனக்குச் சிங்களம் கடைக் கணக்கு அளவுக்குத்தான் வரும். இருவரும் ஒருவரை ஒருவர் நோகாமல் போனை வைத்தோம்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு கடதாசி வந்தது. மேல் பாதி சிங்களம், கீழ் பாதி தமிழ். தமிழில் இப்படி இருந்தது: ‘மேற்குறித்த உற்பத்தியின் நுகர்வு தொடர்பில் பொதுமக்கள் அவதானத்துடன் செயற்படுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.’ மூன்று தரம் வாசித்தேன். எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. கொடுக்கலாமா, கூடாதா? ஏற்கெனவே பாதி ரின் குடித்த குழந்தைக்கு எதைக் கவனிக்க வேண்டும்? ரின்னைத் திருப்பிக் கொடுத்தால் காசு யார் தருவது? தினக்கூலிக்குப் போகிற மனிசனின் உழைப்பில் வாங்கிய ரின் அது.

கடதாசி வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. முதல் நாளே ரின்னை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். “வைச்சிருங்கோ அன்ரி, விபரம் தெரிஞ்சால் சொல்லுங்கோ.” போகும்போது வேறொரு சாதிப் பால்மாவைக் கடனுக்கு வாங்கிக்கொண்டு போனாள்.

எனக்கு இது புதிதில்லை. 2013இல் நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். அந்த வருடத் தொடக்கத்தில் நியூசிலாந்துப் பாலில் டி.சி.டி. என்ற இரசாயனம் மிகச் சிறிய அளவில் இருந்ததாக அந்த நாட்டிலேயே அறிவித்தார்கள். மேய்ச்சல் நிலத்தில் நைத்திரேற்று நிலத்தடி நீருக்குள் இறங்காமல் தடுப்பதற்காகப் போடுகிற மருந்து அது. அந்த அளவில் உடம்புக்குத் தீங்கில்லை என்பது அவர்களின் விளக்கம். ஓகஸ்ட்டில் வேறொரு செய்தி வந்தது. பொற்றுலிசம் என்ற கொடிய நச்சு நோயைத் தரும் கிருமி, பாலிலிருந்து எடுக்கும் புரதத் தூளில் இருக்கலாம் என்றார்கள். அதே மாதக் கடைசியில், அது அந்தக் கிருமி இல்லை, அதன் இனத்தைச் சேர்ந்த, அந்த நச்சை உண்டாக்காத இன்னொன்று என்று நியூசிலாந்து அரசு சோதித்துச் சொல்லியது. இதற்கிடையில் இங்கே டி.சி.டி. விவகாரம் சூடுபிடித்து, விற்பனைக்கு நீதிமன்றத் தடை உத்தரவு வரை போனது.

இரண்டும் வேறு வேறு கதை. என் கடை வாசலில் இரண்டும் ஒன்றாகிவிட்டன: “பால்மாவிலை நஞ்சாம்.” அவ்வளவுதான். நஞ்சு என்ற செய்தி ஒரே நாளில் வந்து சேர்ந்தது. அது அந்தக் கிருமி இல்லை என்ற செய்தி என் கடைக்கு வரவே இல்லை. எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் மாதக்கணக்கில் வெறும் பிளேன்ரீயோடு பள்ளிக்கூடம் போனார்கள். சில வீடுகளில் இன்றைக்கும் அந்தப் பால்மாவைத் தொட மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் “அப்பவே சொன்னவங்கள்” என்பார்கள். ஆபத்து வந்ததைச் சொல்வது போலவே, ஆபத்து முடிந்ததைச் சொல்வதும் உங்கள் வேலை என்று நான் நினைக்கிறேன். அந்த இரண்டாவது வேலையை யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

2021 மார்ச். சித்திரை வருடப் பிறப்புக்குப் பலகாரம் சுடுகிற காலம். இறக்குமதி செய்த தேங்காய் எண்ணெயில் அஃப்ளரொக்சின் இருக்கிறது என்று செய்தி வந்தது. ஒழுங்காகக் காயாத கொப்பறாவில் பிடிக்கிற பூஞ்சணம் உண்டாக்கும் நச்சு அது. ஈரலைக் கெடுக்கும், நீண்ட காலம் உள்ளே போனால் ஈரலில் புற்றுநோயைத் தரக்கூடியது. அந்த எண்ணெய் சந்தைக்கு வரவில்லை என்று அரச தரப்பில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பிறகு தங்கொட்டுவையில் எண்ணெய் பவுசர்களைப் பிடித்ததாகச் செய்தி. ஏப்ரலில் பாம் எண்ணெய் இறக்குமதிக்குத் தடை. அது பாம் எண்ணெய் தருகிற முள்ளுத்தேங்காய்ச் செய்கையை நிறுத்துகிற கொள்கையோடு வந்த வேறு விசயம். ஆனால் சனத்துக்கு அதைப் பிரித்துச் சொன்னவர் யார்? “பாம் எண்ணெயிலும் நஞ்சாம்” என்று அதுவும் சேர்ந்துகொண்டது.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கிழமை ஒரு வயதான அம்மா கடைக்கு வந்தார். முறுக்குச் சுட எண்ணெய் வாங்கி வைத்திருந்தார். “பிள்ளை, கொதிக்கிற எண்ணெயிலை போட்டுத்தானே சுடுறது, அந்தச் சூட்டிலை உந்த நஞ்சு செத்துப் போகாதோ?” என்று கேட்டார். நான், “ஓம் அம்மா, அந்தச் சூட்டுக்கு ஒண்டும் நிக்காது” என்றேன். மனதறியப் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். நெடுநாளைக்குப் பிறகு எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைக்கு வந்தபோது பேச்சு வாக்கில் கேட்டேன். அஃப்ளரொக்சின் உயிருள்ள கிருமி இல்லை, அது ஒரு இரசாயனம், வீட்டுச் சமையல் சூட்டில் அது போகாது என்றார். அந்த அம்மா வைத்திருந்தது நல்ல எண்ணெயாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் நான் சொன்னது பிழை. பிழையான ஒன்றை நம்பிக்கையோடு ஒரு மனிசிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்த நாட்களில் உங்கள் அறிக்கைகள் எத்தனையோ வந்தன. ‘சூடாக்கினால் இது போகாது’ என்ற மூன்று சொல்லை அவற்றில் நான் காணவில்லை.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரி என்பது எங்களுக்குச் சின்ன வயதிலேயே ஊறிய பாடம். வயிற்றோட்டத்துக்கும் நெருப்புக் காய்ச்சலுக்கும் அது சரியான பாடம், எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய பாடம். நீங்களும் அதையே எல்லாவற்றுக்கும் சொல்லி வந்தீர்கள். எங்கள் கிணறுகளுக்கு அது போதாது.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கியிருக்கும் மழைத்தண்ணீர்தான் எங்கள் சொத்து. தோட்டத்துக்குப் போடுகிற பசளையும் மலசலகூடக் குழியில் ஊறுவதும் அதே கல்லுக்குள்தான் இறங்குகின்றன. அதனால் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று கூட என்பது ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லி வருவது. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதற்கு மேல் போனால், போத்தல் பால் குடிக்கிற ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் பிள்ளை நீலம் பாரிக்கும். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிச்சத் தண்ணீரில் அது இன்னும் கூடும்.

இதை எனக்குச் சொன்னது எந்த அறிக்கையும் இல்லை. எங்கள் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தர். “பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டிலை, பால் கரைக்கிற தண்ணி எந்தக் கிணத்துத் தண்ணி எண்டு முதல் கேளுங்கோ அக்கா” என்றார். அந்த ஒரு வசனத்தை நான் எத்தனை தாய்மாருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. யோசித்துப் பாருங்கள்: நியூசிலாந்துக்காரர் நைத்திரேற்று தண்ணீருக்குள் இறங்கக்கூடாது என்று போட்ட மருந்தின் துளியைப் பற்றி நாங்கள் மாதக்கணக்கில் பயந்தோம். அதே பால்மாவை எங்கள் கிணற்றின் நைத்திரேற்றில் கரைத்துக் கொடுத்தபோது யாரும் பயப்படவில்லை. ஏனென்றால் அதைப் பற்றிப் பயப்பட வேண்டும் என்று யாரும் உரக்கச் சொல்லவில்லை.

சுன்னாகத்து மின்நிலையத்தின் எண்ணெய் சுற்றியிருந்த கிணறுகளில் மிதந்த கதை உங்களுக்குத் தெரியும். 2014 கடைசியிலும் 2015இலும் வாளி இறக்கினால் மணம் வரும். வாளியின் உட்பக்கம் வழவழவென்று ஒரு படை ஒட்டும், எத்தனை தரம் தேய்த்தாலும் போகாது. என் சொந்தக்காரர் வீட்டுக் கிணற்றில் அதை என் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு அறிக்கை எண்ணெய் இருக்கிறது என்றது. இன்னொரு அறிக்கை ஆபத்தான பொருட்கள் இல்லை என்றது. இரண்டுமே அரச தரப்பிலிருந்து வந்தவை. சனம் கானைத் தூக்கிக்கொண்டு பவுசருக்கு வரிசையில் நின்றது. குளிக்கலாமா, உடுப்புத் தோய்க்கலாமா, தோட்டத்துக்கு இறைக்கலாமா என்று வரிசையில் ஆளுக்கு ஆள் கேட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அந்த மின்நிலையத்தை நடத்திய கம்பனி பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நல்லது. ஆனால் அந்த நாலு வருடமும் ஒரு தாய் தன் கிணற்றோடு எப்படிச் சீவித்தாள் என்று கேளுங்கள். நிபுணர்களுக்குள் கருத்து வேறுபாடு வருவது எனக்கு விளங்குகிறது. ‘எங்களுக்கு இன்னும் உறுதியாகத் தெரியாது, தெரியும்வரை குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள், அடுத்த முடிவு இன்ன நாளில் சொல்வோம்’ என்று ஒரே வாயால் சொல்லியிருந்தால் நாங்கள் பொறுத்திருப்போம். தெரியாது என்று ஒரு அதிகாரி சொன்னால் எங்கள் சனம் அவரை மதிக்கும். நான் இருபது வருடம் கல்லாவில் இருந்து கண்டது அது.

உங்களால் முடியாது என்று சொல்ல வரவில்லை. நீங்கள் நன்றாகச் செய்ததும் என் கண் முன்னால் இருக்கிறது.

2016 ஓகஸ்ட்டில் சோடாப் போத்தல்களில் சீனிக்கு நிறம் போட்டீர்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைய என்றால் பச்சை, இடையில் என்றால் மஞ்சள். எந்த மொழியும் தேவைப்படாத எச்சரிக்கை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பொடியன் ஒருவன் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து போத்தல் போத்தலாகத் திருப்பிப் பார்ப்பான். “அம்மா சிவப்பு வேண்டாம் எண்டவ” என்பான். எழுத்துக் கூட்டி வாசிக்கவே கஷ்டப்படுகிற பிள்ளை. அவனுக்கு உங்கள் செய்தி விளங்கியது, அவனுடைய அம்மாவுக்கும் விளங்கியது. சிவப்பு முற்றாக விற்காமல் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எடுக்கிறவன் தெரிந்து எடுக்கிறான்.

அடுத்தது 2024 டிசெம்பர். வடமராட்சிப் பக்கம் காய்ச்சலில் ஆட்கள் இறந்தார்கள். முதல் சில நாள் ‘மர்மக் காய்ச்சல்’ என்று போனில் என்னென்னவோ வந்தது. அப்புறம் அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. சுகாதாரப் பகுதியினர் தெளிவாகச் சொன்னார்கள்: வெள்ளத் தண்ணீரிலும் வயலிலும் இறங்கினவர்களுக்கு ஆபத்து, காய்ச்சல் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வயல் செய்கிறவர்களைத் தேடிப்போய்த் தடுப்பு மாத்திரையும் கொடுத்தார்கள். அந்தச் செய்தி வந்த பிறகு என் கடையில் மர்மக் கதை நின்றுவிட்டது. யாருக்கு ஆபத்து, என்ன செய்ய வேண்டும், எங்கே போக வேண்டும் என்று மூன்றும் அதில் இருந்தன.

அதே தெளிவு ஒரு பால்மா ரின்னுக்கும் ஒரு முகக் கிறீமுக்கும் ஏன் கிடைப்பதில்லை? கலியாணத்துக்கு நாள் வைத்தால் எங்கள் பிள்ளைகள் வெள்ளையாக்கும் கிறீம் தேடுகிறார்கள். அப்படியான சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், பூசியவரிடமிருந்து அதே வீட்டுக் குழந்தைக்கும் போகும். உங்கள் எச்சரிக்கையில் ‘தரமற்ற அழகுசாதனப் பொருட்களைத் தவிர்க்கவும்’ என்று மட்டும் இருந்தால், தரமற்றது எது என்று அந்தப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிப்பாள்? பாதரசம் என்று டப்பாவில் யாரும் எழுதி விற்பதில்லை. பெயரைச் சொல்லுங்கள். படத்தைப் போடுங்கள்.

எங்கள் பத்திரிகைகளில் மரண அறிவித்தல் வருகிறதே, அதைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் அதை வாசிக்காத வீடு இல்லை. பிறந்த இடம், வாழ்ந்த இடம், யாருடைய மகன், யாருடைய கணவர், கிரியை எத்தனை மணிக்கு, எந்த மயானம், தொடர்புக்கு எந்த இலக்கம். வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் வாசித்தாலும் ஒரு சந்தேகம் வராது. ஒரு பொருளைப் பற்றிய எச்சரிக்கையும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். பொருளின் பெயர், படம், தொகுதி இலக்கம், அது டப்பாவின் எந்தப் பக்கத்தில் அடித்திருக்கும், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை விற்றது. வீட்டில் இருந்தால் கொட்டுவதா, கட்டி வைப்பதா, கடைக்குத் திருப்புவதா. காசு திரும்பக் கிடைக்குமா. சாப்பிட்டுவிட்டால் எந்த அறிகுறிக்கு வைத்தியரிடம் போவது. கொதிக்க வைத்தால் போகுமா போகாதா. தமிழ் பேசுகிற ஒருவர் எடுக்கும் ஒரு தொலைபேசி இலக்கம்.

ஒரே இலக்கம் என்று நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. உணவு என்றால் 1980ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சு, மருந்து என்றால் 2015இல் வந்த சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, வியாபார முறைகேடு என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, தரச் சான்று என்றால் கட்டளைகள் நிறுவனம். இந்தப் பிரிவெல்லாம் உங்களுக்குள் இருக்கட்டும். கையில் குழந்தையோடு நிற்கிறவள் எந்தச் சட்டத்தின் கீழ் அழுவது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மொழியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. நான் கேட்பது அதற்கு மேலே ஒன்று. சிங்களத்தில் எழுதி முடித்த பிறகு மொழிபெயர்க்கிற தமிழ் வேண்டாம். இங்கே இருக்கிற ஒரு குடும்பநல உத்தியோகத்தரை இருத்தி, அவர் வாயால் சொல்வதை எழுதுங்கள். ‘உட்கொள்வதிலிருந்து தவிர்ந்து கொள்ளவும்’ என்று அவர் ஒருநாளும் சொல்ல மாட்டார். ‘குடுக்க வேண்டாம்’ என்பார்.

எழுதியதை எங்களிடம் தாருங்கள். கடைகளுக்கு, சங்கக்கடைக்கு, வாசிகசாலைக்கு, தாய் சேய் கிளினிக்குக்கு. வெள்ளத்துக்கும் ஊரடங்குக்கும் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஒழுங்கை ஒழுங்கையாக வரத் தெரிந்தவர்கள் நீங்கள். விற்ற கடைக்காரர் மறைத்துவிடுவார் என்று நினைக்கிறீர்களோ தெரியாது. சிலர் மறைக்கலாம். ஆனால் நான் விற்ற ரின்னைக் குடித்த பிள்ளை என் கண் முன்னால் வளர்கிறது. எனக்குச் சொல்லுங்கள், அன்று பின்னேரத்துக்குள் வாங்கிய வீடுகளில் பாதிக்கு நானே போய்ச் சொல்லிவிடுவேன். கடன் கொப்பியில் பெயர் இருக்கிறது.

அந்த ரின் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூடியை இறுக்கி, பொலித்தீனால் சுற்றி, யார் கையிலும் படாமல் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். அடியில் அடித்திருக்கும் தொகுதி இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளை ஒவ்வொரு முறை கடைக்கு வரும்போதும் அந்தத் தட்டை ஒருக்கால் நிமிர்ந்து பார்ப்பாள். “ஏதும் சொன்னவையோ அன்ரி?” என்று கேட்பாள். நாளைக்கும் வருவாள். அவளுக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வலிகாமத்திலிருந்து ஒரு பலசரக்குக் கடைக்காரி